ஒன்பதும் பதினாலும்

புது வண்டி லிட்டருக்குப் பதினாலு.
பழசு ஒன்பது.
ஒரே களக்காடு, ஒரே ஏத்தன் தார்,
நூற்றுக்கு ரெண்டு மூணு முன்னேபின்னே,
ஒரே நாகர்கோவில் சந்தை.
நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன்:
நாளைக்கு மூணரை லிட்டர்.
அது எங்கே போகிறது?

வண்டிக்குச் சக்கரம் உண்டு, கை கிடையாது.
கை சொரிமுத்துவுக்குத்தான் இருந்தது.

அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.
டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன்.
சாவியை வளையல் ஊக்கில் கோத்துக்கொண்டேன்.
அவன் பூட்டைப் பார்த்தான்.
துண்டால் அதன் மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டு
ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான்.
அன்றும் ஒன்பதுதான்.

ஆடி மூணாம் தேதி நானே கூட ஏறினேன்.
வள்ளியூர் பங்கில் வாய் வழிய நிரப்பினோம்.
பணகுடி தாண்டியதும் காற்று
குறுக்கே கையை நீட்டி நின்றது.
காற்றாலைகளுக்கு அது கூலி கொடுக்கிறது,
எங்களிடம் சுங்கம் வாங்குகிறது.
பழைய வண்டியின் முகம் சுவர் மாதிரி;
புதுசுக்கு மூக்கு சரிந்திருக்கும்.
நாலாவது கியரில் எஞ்சின் அலறியது.
அஞ்சாவது இல்லை.
சொரிமுத்து ஐம்பதைத் தாண்டவில்லை.
மேட்டுக்கு முன்பே வேகம் சேர்த்தான்,
ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்தான்,
பாட்டுப் போடவில்லை, என்னிடம் பேசவும் இல்லை.
திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளியது,
வாங்கியதை முழுசாகத் திருப்பித் தரவில்லை.

மறுபடி நிரப்பினேன். ஒன்பது புள்ளி ஒண்ணு.

எனக்கு அது போதவில்லை.
நான் கூட இருந்ததால் ஒழுங்காக ஓட்டியிருப்பான்
என்று நினைத்துக்கொண்டேன்.
ஆளை மாற்றிப் போட்டேன்.
ஜெபசிங் பழசில்: எட்டரை.
சொரிமுத்து புதுசில்: பதினஞ்சே கால்.

அன்று ராத்திரி நோட்டை மூடிவைத்துவிட்டேன்.
சோறு இறங்கவில்லை.

ஏர்வாடியில் மைதீன்பிச்சை
பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்:
"பழைய பம்பு பந்தியில பரிமாறுதவன் மாதிரி தாயி.
பசிக்கா, வயிறு நெறஞ்சுட்டானு கேக்காது,
ஊத்திக்கிட்டே போவும்.
எரிஞ்சது போக மிச்சம்
கறுப்பா பின்னால போவுதுல்லா, அதான் ஒங்க ரூவா.
புதுசு மொதல்ல காத்தை எண்ணும்.
காத்து எவ்வளவோ அதுக்குத் தக்க டீசல்,
அதுவும் பனி மாதிரி தெளிக்கும்.
எறக்கத்துல காலை எடுத்தா கையை மூடிக்கிடும்."

பிறகு கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினார்.
"முப்பந்தல்ல காத்தாடி பாத்திருப்பீயள்லா?
உள்ள அதே மாதிரி ஒண்ணு, இத்தனூண்டு.
வெளிய போற புகைதான் அதைச் சுத்தும்.
அது சுத்தி, காத்தை உள்ள திணிக்கும்.
வீணாப் போறதை வேலைக்கு வச்சுட்டான்."

அப்போ எங்கள் வண்டியில்
யாரும் எதையும் எடுக்கவில்லை.
இருபது வருஷமாக
பணகுடிச் சாலையில் கறுப்பாய் எழுதிக்கொண்டே போயிருக்கிறது,
எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

சொரிமுத்துவிடம்,
"புது வண்டியை நீயே வச்சுக்கோ" என்றேன்.
மன்னிப்பை அப்படித்தான் கேட்க வந்தது எனக்கு.
"வேண்டாம்க்கா, எனக்குப் பழசே போதும்.
ஜெபசிங்குக்கு கிளட்ச் பிடிபடல,
ரெண்டு மாசத்துல தட்டைத் தின்னுருவான்."
இவ்வளவுதான் சொன்னான்.
பூட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கழற்றப் போனேன். ஆடித் தூசி அடைத்து
சாவி திரும்பவில்லை.
மைதீன்பிச்சை ரம்பத்தால் அறுத்தார்.
நாற்பது ரூபாய்.
நோட்டில் எழுதினேன்,
எந்தக் கணக்கு என்று எழுதவில்லை.